பிளாஸ்டிக்கில் பேட்டர்ன், இரும்பில் பாகம்: வார்ப்பு வேலைக்கு 3டி பிரிண்டிங் எப்போ கைகொடுக்கும்?

உங்க ஊர் மாவு மில்லில் ஒரு பழைய மெஷின் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பேரிங்கைத் தாங்கிப் பிடிக்கும் வார்ப்பிரும்பு ஹவுசிங் ஒருநாள் விரிசல் விட்டுவிடுகிறது. மெஷினைச் செய்த கம்பெனி இப்போ அந்த மாடலையே செய்வதில்லை. கடையில் கேட்டால் "ஸ்பேர் வராதுங்க" என்கிறார்கள். ஃபவுண்டரியில் கேட்டால், "இரும்பு வார்த்துத் தரலாம், பேட்டர்ன் இருக்கா?" என்று திருப்பிக் கேட்கிறார்கள்.

இந்தக் கேள்வியில்தான் பலரும் நின்றுவிடுகிறார்கள். புது விவசாயக் கருவி ஒன்றை வடிவமைத்த இளைஞர், பம்ப்செட்டில் சிறு மாற்றம் செய்து பார்க்க நினைக்கும் குறுந்தொழில் உரிமையாளர், புராஜெக்ட் செய்யும் பாலிடெக்னிக் மாணவர் என எல்லோருக்கும் இதே கதைதான். பத்து, இருபது பாகம் போதும். ஆனால் அதற்கு முன்னால் பேட்டர்னுக்கு ஆகும் செலவும் காத்திருக்கும் வாரங்களும் கண்ணைக் கட்டும்.

இந்த இடத்தில்தான் 3டி பிரிண்டிங் உதவிக்கு வருகிறது. ஆனால் "ஃபைலைக் கொடுத்தா போதும், எல்லாம் ரெடி" என்று நம்பி இறங்கினால் பணமும் போகும், பாகமும் பொருந்தாது. எது முடியும், எது முடியாது, பணம் கட்டும் முன் என்ன கேட்க வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம் வாங்க.

பேட்டர்ன் என்றால் என்ன?

மண் வார்ப்பு முறை கேக் செய்வது மாதிரியான வேலைதான். கேக்குக்கு அச்சுப் பாத்திரம் வேண்டும். இங்கே அந்தப் பாத்திரத்தை மண்ணாலேயே செய்கிறார்கள், ஒவ்வொரு முறையும் புதிதாக.

வேண்டிய பாகத்தின் வடிவத்தில் மரத்திலோ உலோகத்திலோ ஒரு மாதிரி செய்வார்கள். அதுதான் பேட்டர்ன். அதை மோல்டிங் பெட்டிக்குள் வைத்து, களிமண்ணும் ஈரமும் கலந்த மணலைச் சுற்றிலும் கெட்டியாக இடிப்பார்கள். பெட்டி மேல், கீழ் என இரண்டு பாதியாக இருக்கும். பிரித்து பேட்டர்னை எடுத்ததும் மண்ணில் அதே வடிவத்தில் பள்ளம் நிற்கும். பாதிகளை மூடி, சுமார் 1,400 டிகிரி செல்சியஸ் சூட்டில் உருகிய இரும்பை ஊற்றுவார்கள். ஆறியதும் மண்ணை உடைத்தால் பாகம் கையில்.

பாகத்துக்குள் துளையோ குடைவோ வேண்டும் என்றால் 'கோர்' வேண்டும். அது கெட்டிப்படுத்திய மணலில் செய்த உருளை மாதிரி ஒன்று. அதைப் பள்ளத்துக்குள் வைத்தால் இரும்பு அதைச் சுற்றி நிரம்பும். அந்த இடம் துளையாக நிற்கும். கோரை வார்க்கும் அச்சுக்கு 'கோர் பாக்ஸ்' என்று பெயர். கோர் ஆடாமல் உட்கார, பேட்டர்னின் இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிக்கு 'கோர் பிரிண்ட்' என்று பெயர்.

கவனியுங்கள்: மண் ஒவ்வொரு முறையும் உடைகிறது. பேட்டர்னும் கோர் பாக்ஸும்தான் திரும்பத் திரும்பப் பயன்படுகின்றன. இவற்றைத்தான் தொழிலில் 'டூலிங்' என்கிறார்கள்.

காசு எங்கே போகிறது?

புரிவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு. பேட்டர்னும் கோர் பாக்ஸும் சேர்த்து 20,000 ரூபாய் ஆகிறது என்று வையுங்கள். 2,000 பாகம் வார்த்தால் ஒரு பாகத்தின் மேல் விழும் டூலிங் செலவு 10 ரூபாய். 20 பாகம் மட்டும் வார்த்தால் 1,000 ரூபாய். ஒன்றே ஒன்று என்றால் முழு 20,000 ரூபாயும் அதன் தலையில்தான்.

ஆக, சிறிய ஆர்டரை விலை ஏற்றுவது பெரும்பாலும் இரும்பின் விலை அல்ல, பேட்டர்ன் விலை. கோயம்புத்தூர் மாதிரி நூற்றுக்கணக்கான ஃபவுண்டரிகள் உள்ள ஊரிலும் இதே நிலைதான். அங்கே பம்ப், மோட்டார், வெட் கிரைண்டர் என்று தயாராகும் பொருள் ஒவ்வொன்றிலும் பல அளவுகள். அளவு மாறினால் பேட்டர்னும் மாறும். வடிவத்தில் சின்ன மாற்றம் செய்து சோதித்துப் பார்க்கவும் பேட்டர்ன் வேண்டும். அனுபவமுள்ள மரப் பேட்டர்ன் தச்சர் கையால் செய்து தரும் வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

பேட்டர்னைச் சீக்கிரமாகவும் குறைந்த செலவிலும் செய்ய முடிந்தால் இந்தக் கணக்கே மாறும். 3டி பிரிண்டரின் வேலை அதுதான்.

பிளாஸ்டிக் உருகிவிடாதா?

பலருக்கும் வரும் முதல் சந்தேகம் இது. 1,400 டிகிரி இரும்பு எங்கே, பிளாஸ்டிக் எங்கே? பதில் எளிது. மண் வார்ப்பில் பேட்டர்ன் இரும்பைச் சந்திப்பதே இல்லை. இரும்பு வருவதற்கு முன்பே அதை மண்ணிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். மணலின் அழுத்தத்தையும் உரசலையும் தாங்கினால் போதும்.

3டி பிரிண்டிங் புதுசும் இல்லை. அமெரிக்காவின் சக் ஹல், திரவப் பிசினை ஒளியால் அடுக்கடுக்காக இறுக வைக்கும் முறைக்கு 1984இல் காப்புரிமை கோரி, 1986இல் பெற்றார். முதல் பல ஆண்டுகள் இதன் முக்கியப் பயனே மாதிரி வடிவங்களைச் சீக்கிரம் செய்து பார்ப்பதாகத்தான் இருந்தது. பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்கும் மேசை பிரிண்டர்கள் விலை இறங்கிய பிறகுதான் கல்லூரி லேப், சிறு கடை வரை இது வந்து சேர்ந்தது.

வார்ப்புக்கு இதை நான்கு விதமாகப் பயன்படுத்தலாம்.

1. நேரடி பேட்டர்ன்: பேட்டர்னையும் கோர் பாக்ஸையும் பிளாஸ்டிக்கில் அச்சிட்டு, அப்படியே மண்ணில் பயன்படுத்துவது. சில பாகங்கள் முதல் சில பத்து பாகங்கள் வரை ஏற்றது.

2. மாஸ்டர் பேட்டர்ன்: ஒரே ஒரு பேட்டர்னை அச்சிட்டு, அதை வைத்து அலுமினியத்தில் நிரந்தர பேட்டர்ன் வார்த்துக்கொள்வது. எண்ணிக்கை கூடும்போது இது நல்ல வழி.

3. எரிந்து போகும் பேட்டர்ன்: மெழுகிலோ, எரிந்தால் சாம்பல் அதிகம் தங்காத பிசினிலோ அச்சிட்டு, மேலே பூச்சு கட்டி, சூட்டில் உள்ளே இருப்பதை வெளியேற்றிவிட்டு உலோகம் ஊற்றுவது. நுணுக்கமான சிறிய பாகங்களுக்கு ஏற்றது.

4. மணலையே அச்சிடுவது: பெரிய மெஷின் மணலைப் பரப்பி, தேவையான இடத்தில் மட்டும் பிசினைத் தெளித்து, மோல்டையும் கோரையும் நேராக உருவாக்கும். பேட்டர்னே வேண்டாம். மெஷின் விலை அதிகம் என்பதால் பெரிய நிறுவனங்களும் சேவை மையங்களுமே வைத்திருக்கும். சிக்கலான குடைவுகள் உள்ள பாகத்துக்கு இது வரம்.

நம்மைப் போன்ற சிறு வாடிக்கையாளருக்கு முதல் இரண்டு வழிதான் பெரும்பாலும் கட்டுப்படியாகும். அதனால் அவற்றையே விரிவாகப் பார்ப்போம். மூன்றாவதைப் பற்றிப் பிறகு சொல்கிறோம்.

பாகத்தின் அளவு வேறு, பேட்டர்னின் அளவு வேறு

அதிகம் பேர் பணத்தை இழக்கும் இடம் இதுதான். உடைந்த பாகத்தை அளந்து, அதே அளவில் அச்சிட்டுக் கொடுத்தால், வரும் பாகம் சிறியதாக இருக்கும். காரணம் மூன்று.

முதலாவது, சுருக்கம். உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கும். சாதாரண வார்ப்பிரும்பு சுமார் 1 சதவீதம், அலுமினியம் சுமார் 1.3 சதவீதம், வெண்கல வகை சுமார் 1.5 சதவீதம், எஃகு சுமார் 2 சதவீதம். அந்த அளவுக்குப் பேட்டர்ன் பெரிதாக இருக்க வேண்டும். சரியான எண்ணை உங்கள் ஃபவுண்டரிதான் சொல்ல வேண்டும். உலோகக் கலவைக்கும் பாகத்தின் வடிவத்துக்கும் ஏற்ப அது மாறும்.

இரண்டாவது, மெஷினிங் அலவன்ஸ். வார்ப்பின் மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்கும். பேரிங் உட்காரும் இடம், போல்ட் போட்டு இறுக்கும் முகம் போன்றவற்றை லேத்தில் கடைய வேண்டும். கடைந்து எடுக்க, அங்கே மட்டும் கூடுதல் உலோகம் வேண்டும். சிறிய இரும்புப் பாகத்துக்கு ஒரு பக்கம் 2 முதல் 3 மி.மீ. என்பது வழக்கம்.

மூன்றாவது, டிராஃப்ட். பேட்டர்னின் பக்கச் சுவர் நேர் செங்குத்தாக இருந்தால், மண்ணிலிருந்து எடுக்கும்போது ஓரம் உடைந்து சரியும். அதனால் சுவரை 1 முதல் 3 டிகிரி சாய்வாக வைப்பார்கள். டம்ளரின் வாய் அகலமாகவும் அடி குறுகலாகவும் இருப்பது மாதிரி.

இப்போ நம் ஹவுசிங்கை வைத்துக் கணக்குப் போடுவோம். முடிந்த பாகத்தின் நீளம் 200 மி.மீ. இரண்டு முனையையும் கடைய வேண்டும். ஒரு முனைக்கு 3 மி.மீ. வைத்தால் 206 மி.மீ. சுருக்கத்துக்கு 1 சதவீதம் கூட்டினால் 208.06 மி.மீ. பேட்டர்னின் நீளம் இதுதான்.

உள்ளே உள்ள துளைக்கு கணக்கு தலைகீழ். 6308 எண் பேரிங்கின் வெளி விட்டம் 90 மி.மீ. அதற்கான துளையைக் கடைந்து 90க்குக் கொண்டுவர வேண்டும் என்றால், வார்ப்பில் துளை அதைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். சுற்றிலும் 3 மி.மீ. விட்டால் 84 மி.மீ. சுருக்கத்துக்கு 1 சதவீதம் சேர்த்தால் கோரின் விட்டம் 84.84 மி.மீ. வெளியே கூட்டுகிறோம், உள்ளே கழிக்கிறோம். இதை மறந்து 90 மி.மீ. கோர் வைத்தால் கடைய உலோகமே இருக்காது. பாகம் பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும்.

"சாஃப்ட்வேர்ல 101 சதவீதம்னு பெருசாக்கினா போதாதா?" என்று கேட்பீர்கள். போதாது. அப்படிச் செய்தால் சுருக்கத்துக்கு மட்டும்தான் கணக்கு சரியாகும். மெஷினிங் அலவன்ஸ் கடையும் முகத்துக்கு மட்டும் சேர வேண்டும். டிராஃப்டும் கோர் பிரிண்டும் தனியாக வரைய வேண்டியவை. ஆகவே முதலில் கேட்டில் இவற்றைச் சேருங்கள், கடைசியில் சுருக்கத்துக்குப் பெரிதாக்குங்கள்.

மாஸ்டர் பேட்டர்ன் வழியில் போகிறீர்களா? அப்போ சுருக்கம் இரண்டு முறை. அச்சிட்ட மாஸ்டரிலிருந்து அலுமினிய பேட்டர்ன் வார்க்கும்போது ஒரு முறை, அந்தப் பேட்டர்னிலிருந்து இரும்பு வார்க்கும்போது இன்னொரு முறை. மேலே சொன்ன 208.06ஐ மறுபடி 1.3 சதவீதம் கூட்டினால் மாஸ்டர் சுமார் 210.8 மி.மீ. ஆக வேண்டும். ஆர்டர் கொடுக்கும்போதே "இது மாஸ்டரா, நேரடி பேட்டர்னா?" என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

பிரிண்டரிலிருந்து வந்ததும் வேலை முடிவதில்லை

மேசை பிரிண்டர் பெரும்பாலும் 0.1 முதல் 0.3 மி.மீ. தடிமனுள்ள அடுக்குகளாக அச்சிடும். 0.2 மி.மீ. என்றால் 100 மி.மீ. உயரப் பொருளில் 500 அடுக்கு. பக்கச் சுவரில் அந்த அடுக்குகள் மெல்லிய வரிகளாகத் தெரியும். விரலால் தடவினால் சின்ன விஷயம். ஆனால் மண்ணுக்கு அது பெரிய விஷயம். ஒவ்வொரு வரியும் மணலைப் பிடித்து இழுக்கும். பேட்டர்னைத் தூக்கும்போது மோல்டின் சுவர் சரியும்.

எனவே உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புட்டி தடவி, மறுபடி தேய்த்து, பெயிண்ட் அல்லது லாக்கர் பூச வேண்டும். மரப் பேட்டர்னுக்குக் காலம் காலமாகச் செய்யும் அதே வேலைதான். இதில் ஒரு பேட்டர்ன் தச்சரின் கை பட்டால் வித்தியாசம் தெரியும். எந்த இடத்தில் பேட்டர்னைப் பிரிக்க வேண்டும், எந்த மூலையைக் கூர்மையாக விடக்கூடாது, உலோகம் எந்த வழியாக உள்ளே வர வேண்டும் என்பதையெல்லாம் பிரிண்டர் சொல்லாது. அவர்தான் சொல்வார். பிரிண்டர் வந்ததால் அவருடைய வேலை போய்விடவில்லை. உளி பிடித்த கைக்கு இப்போ திரையில் இருக்கும் வரைபடத்தைத் திருத்தும் வேலையும் சேர்ந்திருக்கிறது.

இன்னும் சில நடைமுறை விஷயங்கள்:

• பி.எல்.ஏ. என்ற சாதாரண பிரிண்டர் பிளாஸ்டிக் சுமார் 60 டிகிரியிலேயே இளகும். வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்தால் வளைந்துவிடும். ஃபவுண்டரியிலும் சூடான மணலுக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது.

• உள்ளே வெற்றிடம் அதிகமாக விட்டு அச்சிட்டால் செலவு குறையும், ஆனால் மண்ணை இடிக்கும்போது பேட்டர்ன் நசுங்கலாம். சுவரைத் தடிமனாக வைக்கச் சொல்லுங்கள்.

• சிறிய மேசை பிரிண்டர் பலவற்றின் படுக்கை சுமார் 220 மி.மீ. சதுரம். நம் 208 மி.மீ. ஹவுசிங் அடங்கும். கோர் பிரிண்டைச் சேர்த்தால் அடங்காமல் போகலாம். அப்போ துண்டுகளாக அச்சிட்டு, முளை வைத்து ஒட்ட வேண்டும்.

• மணல் ஒரு தேய்ப்பான். பிளாஸ்டிக் பேட்டர்ன் தேயும். சில பத்து மோல்டுக்கு ஒரு முறை அளவைச் சரிபாருங்கள்.

எத்தனை பாகம் வேண்டும்? அதை வைத்து முடிவெடுங்கள்

ஒன்றே ஒன்று என்றால் வார்ப்புக்குப் போகும் முன் இரண்டு வழிகளைப் பாருங்கள். பேரிங் ஹவுசிங்கில் பல அளவுகள் கடையில் ரெடிமேடாகவே கிடைக்கும். துளை இடைவெளியை மாற்றிப் பொருத்த முடியுமா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். வார்ப்பிரும்பு விரிசலை நிக்கல் ராடு வைத்து வெல்டிங் செய்பவர்களும் உண்டு. எளிய வடிவம் என்றால் கெட்டி இரும்பிலிருந்து நேராகக் கடைந்துவிடலாம்.

சில பாகம் முதல் சில பத்து வரை என்றால் அச்சிட்ட நேரடி பேட்டர்ன்.

நூறைத் தாண்டும், ஆர்டர் திரும்பவும் வரும் என்றால் அச்சிட்ட மாஸ்டர், அதிலிருந்து அலுமினிய பேட்டர்ன். அல்லது சி.என்.சி. மெஷினில் நேராகக் கடைந்த பேட்டர்ன்.

ஆயிரக்கணக்கில் என்றால் உலோக பேட்டர்ன்தான். அங்கேயும் 3டி பிரிண்டிங்குக்கு ஒரு வேலை உண்டு: நிரந்தர டூலிங்குக்குப் பெரிய பணம் போடும் முன், அச்சிட்ட பேட்டர்னில் நாலைந்து பாகம் வார்த்து, பொருத்தி, ஓட்டிப் பார்த்துவிடலாம். தவறு இருந்தால் அந்தக் கட்டத்திலேயே தெரிந்துவிடும்.

மெழுகு வழி: நமக்குப் பழக்கமானதுதான்

மூன்றாவதாகச் சொன்ன எரிந்து போகும் பேட்டர்ன் முறை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. கும்பகோணம் அருகே சுவாமிமலையில் ஸ்தபதிகள் செப்புத் திருமேனி வார்ப்பது இந்தத் தத்துவத்தில்தான். மெழுகில் உருவம் செய்து, மேலே வண்டல் மண்ணைப் பூசி, சூடாக்கி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். சுவாமிமலை வெண்கலச் சிலைகளுக்குப் புவிசார் குறியீடு உண்டு. அங்கே மெழுகு உருவத்தைக் கையால் செய்வதே கலை. ஒவ்வொரு சிலைக்கும் மெழுகு புதிது, மண்ணும் புதிது.

நகைத் தொழிலில் இதே தத்துவம் கம்ப்யூட்டரோடு சேர்ந்திருக்கிறது. மோதிர டிசைனைத் திரையில் வரைந்து, மெழுகு போன்ற பொருளில் அச்சிட்டு, பிளாஸ்டர் கலவைக்குள் புதைத்து, உலையில் எரித்து, தங்கம் ஊற்றுகிறார்கள். சிறிய வால்வு, பித்தளைக் கைப்பிடி, பழைய பூட்டின் பாகம் போன்று உள்ளங்கையில் அடங்கும் பொருள் வேண்டுமென்றால் இந்த வழியில் வேலை செய்யும் பட்டறையை விசாரிக்கலாம். தங்கத்துக்கு அமைத்த பட்டறையில் இரும்பு உருக்க முடியாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

கையில் போன் இருக்கு, அது எவ்வளவு தூரம் உதவும்?

நிறையவே உதவும், எல்லை தெரிந்து பயன்படுத்தினால்.

• போட்டோ எடுக்கும்போது பாகத்துக்குப் பக்கத்தில் ஸ்கேல் ஒன்றை வையுங்கள். ஆறு பக்கமும் எடுங்கள்.

• படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் தரம் குறையும். 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்கள்.

• போன் ஸ்கேன் ஆப் வடிவத்தைக் காட்டும், ஆனால் பேரிங் பொருந்தும் அளவுக்குத் துல்லியம் தராது. முக்கிய அளவுகளை வெர்னியரில் எடுத்துத் தாளில் எழுதிச் சேர்த்து அனுப்புங்கள்.

• பிரிண்டருக்குப் போகும் எஸ்.டி.எல். ஃபைலில் வடிவம் மட்டுமே இருக்கும், அளவு மி.மீ.யிலா அங்குலத்திலா என்பது இருக்காது. ஒரு அங்குலம் 25.4 மி.மீ. குழப்பம் வந்தால் பாகம் 25 மடங்கு மாறும்! ஒரு முக்கிய அளவையாவது மெசேஜில் எழுதிவிடுங்கள்.

• பின்னாளில் திருத்த வேண்டுமென்றால் எஸ்.டி.எல். போதாது. 'ஸ்டெப்' ஃபைலையும் கேட்டு வாங்குங்கள்.

பணம் கொடுக்கும் முன் எழுத்தில் வாங்க வேண்டியவை

வாய்ப்பேச்சாக முடித்துவிட்டுப் பிறகு வருத்தப்படுவோர் உண்டு. ஒரு பக்கக் கொட்டேஷனில் இவை இருக்கட்டும்:

• பேட்டர்ன், கோர் பாக்ஸ், கேட் ஃபைல் ஆகியவை யாருக்குச் சொந்தம்? நீங்கள் பணம் கொடுத்திருந்தால் உங்களுக்கே என்று எழுதுங்கள்.

• எந்த உலோகம், எந்த கிரேடு?

• சுருக்கம், மெஷினிங் அலவன்ஸ் யார் கணக்கிட்டது? வடிவமைப்பவரா, ஃபவுண்டரியா? இருவரும் தனித்தனியாகச் சேர்த்துவிட்டால் பாகம் பெரிதாகும்; இருவரும் விட்டுவிட்டால் சிறிதாகும்.

• முதல் பாகம் வார்த்ததும் அளந்து காட்டிய பிறகே மீதி வார்க்க வேண்டும்.

• வார்ப்பில் குறை வந்தால் மாற்றித் தருவார்களா? பேட்டர்ன் உடைந்தால் யார் செலவு?

ஒரு எச்சரிக்கையும் உண்டு. வாகன பிரேக், ஸ்டீயரிங், காஸ் வால்வு, அழுத்தம் தாங்கும் பாத்திரம், லிஃப்ட் போன்றவற்றின் பாகங்களை இப்படி நகல் எடுக்காதீர்கள். அளவு சரியாக இருந்தாலும் உள்ளே காற்றுக்குமிழி இருந்தால் உயிருக்கே ஆபத்து. பளு தாங்கும் மற்ற பாகங்களை கோயம்புத்தூரின் சிட்டார்க் போன்ற சோதனை மையத்தில் பரிசோதித்துக்கொள்வது நல்லது. வேறொருவர் காப்புரிமையோ டிசைன் பதிவோ பெற்ற பொருளை நகலெடுத்து விற்பதும் சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடும்.

தொழிலாகவே தொடங்க நினைக்கிறீர்களா?

பேட்டர்ன் வடிவமைப்பு, 3டி பிரிண்டிங் சேவை, சிறு வார்ப்புப் பட்டறை என எதைத் தொடங்கினாலும் முதல் படி உத்யம் பதிவு. ஆதார் எண்ணை வைத்து ஒன்றிய அரசின் உத்யம் தளத்தில் போனிலேயே பதியலாம். கட்டணம் எதுவும் இல்லை. "பதிவுக்கு இவ்வளவு ரூபாய்" என்று கேட்கும் இணையதளமோ ஏஜெண்டோ வந்தால் விலகி நில்லுங்கள். 2025 ஏப்ரல் 1 முதல் இயந்திர முதலீடு 2.5 கோடி ரூபாய்க்கு மிகாமலும், ஆண்டு விற்றுமுதல் 10 கோடி ரூபாய்க்கு மிகாமலும் இருந்தால் அது குறுநிறுவனம்.

அடுத்தது, உங்கள் மாவட்டத் தொழில் மையம். சென்னைவாசிகளுக்கு மண்டல இணை இயக்குநர் அலுவலகம். மூன்று திட்டங்களைப் பற்றிக் கேளுங்கள்:

• வேலைவாய்ப்பற்ற இளைஞர்களுக்கான வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம்: சிறிய முதலீட்டில் தொடங்குவோருக்கு. திட்ட மதிப்பில் 25 சதவீதம் மானியம்.

• நீட்ஸ் எனப்படும் புதிய தொழில்முனைவோர் மற்றும் தொழில் நிறுவன மேம்பாட்டுத் திட்டம்: 25 சதவீதம், அதிகபட்சம் 75 லட்சம் ரூபாய் மானியம், கடன் வட்டியில் 3 சதவீதம் சலுகை.

• அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம்: ஆதிதிராவிடர், பழங்குடியினர் தொழில்முனைவோருக்கு. 35 சதவீதம், அதிகபட்சம் 1.5 கோடி ரூபாய் மானியம். வட்டியில் 6 சதவீதம் சலுகை.

வயது, கல்வித் தகுதி, உச்சவரம்பு ஆகியவை அவ்வப்போது திருத்தப்படும். விண்ணப்பிக்கும் நாளில் உள்ள விதிகளை மையத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். எந்திரம் வாங்கிய பிறகு போய் மானியம் கேட்காதீர்கள். முதலில் விண்ணப்பம், பிறகு கொள்முதல்.

வடிவமைப்பு கற்றுக்கொள்ள விரும்பும் இளைஞர்கள் சென்னை டைடல் பூங்காவில் உள்ள டான்கேம் மையத்தை விசாரிக்கலாம். டிட்கோவும் டசால்ட் சிஸ்டம்ஸ் நிறுவனமும் சேர்ந்து அமைத்தது இது. பக்கத்து பொறியியல் கல்லூரி, பாலிடெக்னிக் லேப்களில் பிரிண்டர் இருக்கிறதா, வெளியாருக்கு அச்சிட்டுத் தருவார்களா என்றும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

கேள்வியும் பதிலும்

உடைந்த பாகத்தையே பேட்டர்னாக வைத்து வார்க்க முடியாதா?
சில இடங்களில் செய்கிறார்கள். ஆனால் வரும் பாகம் சுருக்கத்தால் 1 சதவீதம் சிறியதாக இருக்கும், கடையவும் உலோகம் இருக்காது. அளவு முக்கியமில்லாத கைப்பிடி, அலங்கார வளையம் போன்றவற்றுக்குச் சரி. பேரிங் உட்காரும் பாகத்துக்கு வேண்டாம்.

உலோகத்தையே நேராக 3டி பிரிண்ட் செய்ய முடியுமே?
முடியும். விமானம், மருத்துவம் போன்ற துறைகளில் பயன்படுகிறது. மாவு மில் ஹவுசிங்குக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது. பிளாஸ்டிக்கில் பேட்டர்ன், இரும்பில் வார்ப்பு என்பதே மலிவு.

முதலில் யாரைப் பார்க்க வேண்டும், பிரிண்டிங் கடையையா, ஃபவுண்டரியையா?
ஃபவுண்டரியை. பேட்டர்ன் எங்கே பிரிய வேண்டும், சுருக்கம் எவ்வளவு, மோல்டிங் பெட்டியில் அடங்குமா என்பதை அவர்கள் சொன்ன பிறகே அச்சிடக் கொடுங்கள். அச்சிட்டு எடுத்துக்கொண்டு போய், "இதுல வார்க்க முடியாதுங்க" என்று கேட்பதைவிட இது நல்லது.

பேட்டர்னைப் பிறகு எப்படி வைத்திருப்பது?
நிழலான, தட்டையான இடத்தில் படுக்க வையுங்கள். பாகத்தின் பெயர், உலோகம், சுருக்க விகிதம், தேதி ஆகியவற்றை அதன் மேலேயே எழுதுங்கள். ஃபைலை போனில் மட்டும் வைக்காமல் டிரைவிலும் ஒரு நகல் ஏற்றுங்கள். பேட்டர்ன் உடைந்தாலும் ஃபைல் இருந்தால் மறுபடி அச்சிட்டுக்கொள்ளலாம். மரப் பேட்டர்னைக் கரையான் தின்றுவிட்டால் இந்த வசதி கிடையாது.